வெந்நீரில் முடிவிலி

வினைவேகம் அளக்கும் செய்முறையில் ஒரே ஓர் எண் எனக்கு என்றைக்குமே ஒட்டியதில்லை. மெத்தில் அசிட்டேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உடையவிட்டு, பத்து நிமிடத்துக்கொரு தரம் ஐந்து மில்லி உறிஞ்சியெடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்கிற பழைய சோதனை அது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேதியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் அதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. இடப்பக்கத்தில் நேரம் 0, 10, 20, 30 என்று இறங்கிக்கொண்டே வரும். வலப்பக்கத்தில் பியூரெட் அளவு ஏறிக்கொண்டே வரும். 80-க்கு அடுத்த வரியில், எந்தத் தயக்கமும் இல்லாமல், ∞. எண்பதாவது நிமிடத்துக்கு அடுத்தது முடிவிலி. நடுவில் ஒரு வெற்றுவரிகூடக் கிடையாது. அதற்கு நேரே மற்ற எண்களைப் போலவே ஒரு தசம இடத்தோடு ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். “சார், இன்பினிட்டி எடுத்தாச்சு” என்று ஒரு பையன் வந்து நிற்கும்போது அவன் குரலில் பசியைத் தவிர வேறொன்றும் இருக்காது. மணி ஒன்றாகியிருக்கும். அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை. எடுக்கச் சொன்னது நாம், எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்ததும் நாம். ஆனாலும் அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் பேனா நிற்கும். அது ஏன் நிற்கிறது என்று இவ்வளவு காலம் கழித்து உட்கார்ந்து யோசிக்கத் தோன்றுகிறது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. ரீடிங் எல்லாம் முடிந்ததும் மிஞ்சிய கலவையை வாட்டர் பாத்தில் 60 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக அரைமணி நேரம் வைக்கிறோம். ஆறவிட்டு அதிலிருந்து ஐந்து மில்லி எடுத்து டைட்ரேட் செய்கிறோம். அறைவெப்பத்தில் ராத்திரி முழுக்க நடந்து மறுநாள் காலையில் ஓயவேண்டிய வினையை மதியச் சாப்பாட்டுக்குள் ஓயவைத்துவிடுகிறோம். எதற்கு இந்த அவசரம் என்றால், கணக்குக்கு அது இல்லாமல் முடியாது. பியூரெட் காட்டுவது இதுவரை பிறந்த அசிட்டிக் அமிலத்தை. கூடவே முதலில் ஊற்றிய அமிலத்தையும் சேர்த்து. முதல் வகை வினையின் விதியோ இதுவரை எவ்வளவு ஆனது என்று கேட்பதில்லை, இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் கேட்கிறது. பாக்கி எவ்வளவு என்று சொல்ல மொத்தம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆக, பத்தாவது நிமிடத்தின் வேகத்தைச் சொல்வதற்கே கடைசி நிமிடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைசி நிமிடம் என்று ஒன்று அந்த விதியில் கிடையவும் கிடையாது. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று அது தேய்ந்துகொண்டே போகும். பத்து அரை ஆயுளுக்குப் பிறகும் ஆயிரத்தில் ஒரு பங்கு அப்படியே இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி அரை நார்மல் அமிலத்தில் 5 மில்லி மெத்தில் அசிட்டேட் எஸ்டர், காரம் 0.2 நார்மல். தொடக்கத்தில் பியூரெட்டில் 12 மில்லி அளவுக்கு வரும், எஸ்டர் முழுக்க உடைந்தால் 27 வரும். 30 டிகிரியில் இந்த வினையின் வேக மாறிலி நிமிடத்துக்கு 0.005 என்ற அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அரை ஆயுள் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று மணி நேர வகுப்பில், ஆயத்த வேலைகள் போக, வினை பாதிகூடத் தாண்டுவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். எண்பதாவது நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர் உடையாமல் கிடக்கிறது. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் வேகம் பத்து மடங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும்; அரை ஆயுள் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடமாகக் குறையும். அரைமணி நேரம் என்பது அதில் இரண்டரை அரை ஆயுள்கூட இல்லை. மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு அப்போதும் மிஞ்சியே இருக்கும். பியூரெட் 27 காட்டாது, 25-ஐ ஒட்டித்தான் காட்டும். போதாக்குறைக்கு மெத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 57 டிகிரி. குடுவையின் வாய் இறுக்கமாக மூடப்படாவிட்டால் கொஞ்சம் எஸ்டர் உடையாமலேயே காற்றோடு போய்விடும். நெயில் பாலிஷ் வாசனை ஆய்வகம் முழுக்கப் பரவுகிற அந்த நேரத்தில் முடிவிலியின் ஒரு பகுதி ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது பிழை அல்ல. செய்முறை என்றால் பிழை இருக்கும். உறுத்துவது, இந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பது. 27-க்குப் பதில் 25 என்று வைத்து அதே ரீடிங்குகளுக்கு வேக மாறிலியைக் கணக்கிட்டால் 30-ஆம் நிமிடத்தில் 0.0058, 60-இல் 0.0059, 120 வரை போனால் 0.0061. எண்கள் அடுத்தடுத்து ஒத்துப்போகின்றன. மாணவர் அவற்றைக் கூட்டி வகுத்துச் சராசரி போடுவார். கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்தால் நேர்கோடு விழும். கடைசியில் கொஞ்சம் மேலே வளையும், ஆனால் அந்த வளைவை ஸ்கேல் மன்னித்துவிடும். எக்ஸ்டர்னலாக வருகிறவர் தாளைத் தூக்கிப் பிடித்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கிறது. மாறிலி மட்டும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நேர்கோடு உண்மைக்குச் சாட்சி என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்து பழகிவந்திருக்கிறோம். இங்கே அது சாட்சி சொல்வதெல்லாம், வினை முதல் வகையைச் சேர்ந்தது என்பதற்கும், தவறான முடிவைக் கடைசிவரை ஒரே மாதிரி நம்பினோம் என்பதற்கும்தான். வெப்பநிலை ஒரு டிகிரி தவறினால் இந்த வினையில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் வேகம் மாறும். சித்திரை மாதத்தில் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே ஆய்வகத்தின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறும் என்று அங்கே நின்று வேர்த்தவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பாடப்புத்தகம் எச்சரிக்கிறது, தெர்மோஸ்டாட் கேட்கிறது. முடிவிலியைப் பற்றி எச்சரிப்பதில்லை. “மிஞ்சிய கலவையைச் சூடாக்கி” என்று ஒரு வினையெச்சத்தில் கடந்துபோகிறது.

மூலக்கூறின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முடிவு என்பதே இன்னும் விசித்திரமாகிவிடுகிறது. முதல் வகை வினையில் ஓர் எஸ்டர் மூலக்கூறு அடுத்த ஒரு நிமிடத்தில் உடையும் வாய்ப்பு எப்போதும் ஒன்றுதான். இப்போதுதான் அமிலத்தில் விழுந்ததா, இரண்டு மணி நேரமாக அதில் நீந்திக்கொண்டிருக்கிறதா என்பது கணக்கிலேயே வராது. பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்றவனுக்கு அடுத்த பஸ் தனக்கென்றே வரவேண்டும் என்று ஓர் உரிமை தோன்றிவிடும். மூலக்கூறுக்கு அப்படி எந்தச் சலுகையும் சேர்வதில்லை. அதற்கு வயது ஏறுவதில்லை, களைப்பு இல்லை, கிட்டத்தில் வந்துவிட்டோம் என்பதும் இல்லை. பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது என்பதெல்லாம் கூட்டத்தைப் பற்றிய பேச்சு. நாம் வரைகிற வளைகோடு எந்த மூலக்கூறின் வரலாறும் அல்ல. அப்படியிருக்க, ஒவ்வொன்றாகப் பார்த்தால் முடிவே இல்லாத ஒன்றுக்கு மொத்தமாக ஒரு முடிவைக் கற்பித்து, அதைக் கழித்தலின் இடப்பக்கம் வைத்து, அதிலிருந்து வேகத்தைப் பிரித்தெடுக்கிறோம். கணிதப்படி இதில் குறையே இல்லை என்று தெரியும். தெரிந்தும் மனம் சமாதானமாவதில்லை.

இந்தச் சிக்கல் வினைவேகவியல் பிறந்த அன்றே கூடப் பிறந்தது. 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதைப் போலாரிமீட்டர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை நடத்திவிட்டு அதை விட்டுவிட்டுப் படிக்க வந்த ஜெர்மானியர். சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். அதன் சுழற்சி எண் +66.5. உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சமமாகக் கலந்தபின் அது −20 பக்கம் போய்விடும். வலத்திலிருந்து இடத்துக்கு ஒளி மெல்லத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். குடுவைக்குள் பிப்பெட்டை விட்டுக் கலைக்க வேண்டியதில்லை, ஐஸில் கொட்டி நிறுத்த வேண்டியதில்லை. நம்முடைய டைட்ரேஷனைவிட எவ்வளவோ நாகரிகமான முறை. ஒரு கணத்தில் உடையும் சர்க்கரை, அந்தக் கணத்தில் மிஞ்சியிருக்கும் சர்க்கரைக்கு விகிதமாக இருக்கிறது என்று அவர் எழுதியதுதான் வினைவேகத்தை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதியதில் முதலாவது என்பார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் பிற்பாடு எடுத்துக் காட்டித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நாகரிகமான முறையிலும் “மிஞ்சியிருக்கும் சர்க்கரை” என்று சொல்ல, ஒளி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். தொடாமல் பார்த்தாலும் முடிவைக் கேட்காமல் தப்ப முடியவில்லை.

நம் கல்லூரிகளில் இந்தச் சோதனை இயற்பிய வேதியியல் செய்முறையில் இருக்கிறது. உடைவதோ கரிமச் சேர்மம். பக்கத்து அறையில் கரிம வேதியியல் செய்முறை நடக்கும். அங்கே நேரம் அளக்கப்படுவதில்லை, கட்டளையாக வரும். பதினைந்து நிமிடம் சூடாக்கு, இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய், ஐஸில் கொட்டு, வடிகட்டு. ஏன் இரண்டு மணி நேரம் என்று கேட்டால் புத்தகத்தில் அப்படி இருக்கிறது. ஒன்றேகால் மணியில் முடிந்துவிட்டதா, மூன்று மணி நேரம் வைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. படிகம் விழுந்தால் சரி, உருகுநிலை ஒத்துப்போனால் மார்க். கரிம வினைகள் உள்ளுக்குள் எப்படி நடக்கின்றன என்று இன்று நாம் சொல்கிற கதைகளில் பாதிக்கு மேல் வேகத்தை அளந்துதான் கிடைத்தவை என்பது அந்த அறைக்குள் வருவதேயில்லை. 1904-இல் ஆர்தர் லாப்வொர்த் அசிட்டோனில் ஹாலஜன் ஏறும் வேகம் அந்த ஹாலஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சார்ந்ததே இல்லை என்று கண்டார். அயோடினை இரட்டிப்பாக்கினாலும் வேகம் அப்படியே. அசிட்டோன் ஈனாலாக உருமாறுவதுதான் மெதுவான காரியம். அயோடின் வெளியே காத்திருந்து, வந்ததை வந்தவுடன் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சோதனையையும் நம் மாணவர்கள் செய்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அயோடினின் பழுப்பு நிறம் நேர்கோட்டில் குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் சட்டென்று இல்லாமல் போகும். தேய்ந்து தேய்ந்து இழுத்துக்கொண்டிருக்காது. அங்கே முடிவுக்கு ஒரு கடிகார நேரம் இருக்கிறது, அட்டவணையில் ∞ தேவையே இல்லை. ஆனால் தீர்ந்துபோனது வேகத்தில் எந்தப் பங்கும் இல்லாத அயோடின்தான். வேகத்தை நிர்ணயித்த அசிட்டோன் தீர்ந்தது என்பதற்கு அறிகுறியே இல்லாமல் ஏராளமாக அப்படியே இருக்கும்.

முடிவைக் கேட்காமலேயே வேகத்தைச் சொல்ல முடியாதா என்று ஒருவர் கேட்டார், பதிலும் சொன்னார். எட்வர்ட் ஆர்மண்ட் குகன்ஹைம், 1926-இல், அவருக்கு வயது 25 இருக்கும்போது. ஒரு நேரத்தில் ஒரு ரீடிங், அதிலிருந்து மாறாத ஓர் இடைவெளி விட்டு இன்னொரு ரீடிங். இப்படி ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்துக்கும் மடக்கை கண்டு நேரத்துக்கு எதிராக வரைந்தால், சரிவு நேராக வேக மாறிலியைக் கொடுத்துவிடும். கழித்தலில் முடிவிலி தானே அடிபட்டுப் போகிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது கடன் ரத்தான மாதிரி ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அந்த நிம்மதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: இடைவெளி குறைந்தது இரண்டு மூன்று அரை ஆயுளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசங்கள் சிறுத்துப்போய் டைட்ரேஷன் பிழையே அவற்றை விழுங்கிவிடும். நம் எஸ்டருக்கு அது ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். அதாவது முடிவைக் கேட்காமல் இருப்பதற்கு ஏறக்குறைய முடிவு வரை காத்திருக்க வேண்டும். இந்தக் குகன்ஹைம் பிற்பாடு பெயர் பெற்றது வெப்ப இயக்கவியலில். எவ்வளவு வேகத்தில் என்று கேட்காமல், எங்கே போய் நிற்கும் என்று மட்டும் கேட்கிற துறை அது. 1960-இல் ஸ்வின்போர்ன் என்பவர் அதே ஜோடிகளை வேறு விதமாக வரைந்தார்: முதல் ரீடிங் ஓர் அச்சில், இரண்டாவது இன்னோர் அச்சில். புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போனால் இரண்டு ரீடிங்கும் சமமாகும் இடத்தை அது வெட்டும். அந்த இடம்தான் முடிவு. ஒருவிதத்தில் இதுதான் நேர்மையான வரைபடம் என்று எனக்குப் படுகிறது. முடிவை முன்கூட்டித் திணிக்காமல், இத்தனை ரீடிங்கும் சேர்ந்து எந்த முடிவைக் காட்டுகின்றன என்று அது கேட்கிறது. ஆனால் மூன்று மணி நேர வகுப்பில் எடுத்த புள்ளிகளை வைத்து வரைந்தால், அந்த வெட்டுப்புள்ளி புள்ளிகளை விட்டு வெகுதூரம் தள்ளி விழும். ஸ்கேலை ஒரு நூல் அளவு சாய்த்தால் முடிவிலி ஓரிரண்டு மில்லி நகரும்.

கணக்கையெல்லாம் தள்ளிவிட்டுக் குடுவையைப் பார்த்தால், முடிவு வந்ததா என்பதை அதுவே சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. ஐந்து மில்லியை ஐஸ் தண்ணீரில் விட்டுக் காரம் சேர்க்கிறோம். ஐஸ் எதற்கு என்று வைவாவில் கேட்டால் “வினையை நிறுத்துவதற்கு” என்று பதில் வரும். குளிரும், தண்ணீரில் அமிலம் நீர்த்துப்போவதும் சேர்ந்து அறுபது மடங்கு போல மெதுவாக்கும், அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாகக் காரம் விழுந்து, கடைசிச் சொட்டில் பினாஃப்தலீன் இளஞ்சிவப்பாகிறது. குடுவையைச் சுழற்றிவிட்டு நிமிர்ந்து பியூரெட்டைப் படிப்பதற்குள் அந்தச் சிவப்பு வெளிறத் தொடங்கும். இன்னொரு சொட்டு, மறுபடி சிவப்பு, மறுபடி வெளிறல். காரம் சரியில்லை, இண்டிகேட்டர் பழசு என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். காரணம் வேறு. குடுவையில் உடையாத எஸ்டர் இருக்கிறது. அமிலத்தைவிடக் காரம் அதை ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக உடைக்கும். மிகுதியாக விழுந்த அந்த ஒரு சொட்டுக் காரத்தை எஸ்டர் தின்றுகொண்டிருக்கிறது. நாம் அளக்க வந்த வினையின் இன்னொரு வடிவம், அளக்கும் கருவிக்குள்ளேயே நடக்கிறது. இதையே திருப்பிப் பார்த்தால், முடிவிலி ரீடிங்கில் அந்தச் சிவப்பு நின்றுபோக வேண்டும். எஸ்டர் இல்லாவிட்டால் காரத்தைத் தின்ன ஆளில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயு மெல்ல வெளிறவைக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். வாட்டர் பாத்திலிருந்து வந்த மாதிரியிலும் சிவப்பு வெளிறிக்கொண்டே இருந்தால் அது முடிவு இல்லை. இதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், சூத்திரம் வேண்டாம், குடுவையைக் கீழே வைத்து ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும். அப்படி நிற்கச் சொல்லும் செய்முறைக் கையேடு எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, முழுமையாக ஓயவிட்டால் முடிவு கிடைத்துவிடுமா என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. எஸ்டர் உடைவது திரும்பிப் போகக்கூடிய வினை. தண்ணீர் ஏராளமாக இருப்பதால் திரும்புவது சொற்பம், ஆனாலும் சில சதவீதம் எஸ்டர் கடைசிவரை எஸ்டராகவே இருக்கும். வெண்ணிறக் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஆல்பா வடிவத்தின் சுழற்சி எண் +112-இலிருந்து இறங்கி வருகிறது, பீட்டா வடிவத்தினுடையது +19-இலிருந்து ஏறி வருகிறது, இரண்டும் +52.7-இல் வந்து சேர்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி அளந்தாலும் வேக மாறிலி ஒன்றாகத்தான் வரும். ஏனென்றால் நாம் அளப்பது போகும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் கூட்டிய தொகை. எண் ஒன்று, அதற்குள் இரண்டு திசை. முடிவு என்று நாம் குறித்துக்கொள்ளும் இடத்தில் இரண்டும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன, வெளியே எதுவும் தெரியாமல்.

இதற்கெல்லாம் பரிகாரம் எளிது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள்: சூடாக்காதே, குடுவையைக் கண்ணாடி மூடியால் இறுக்கி மூடி அலமாரியில் வை, அடுத்த வகுப்பில் டைட்ரேட் செய். அடுத்த வகுப்பு அடுத்த வாரம். ஏழு நாள் என்பது எழுபது அரை ஆயுளுக்கும் மேல். எந்த விதிக்கும் அது தாராளம். இந்த வழிதான் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏழு நாளும் அந்தக் கண்ணாடி மூடி நன்றாகப் பொருந்தியிருந்ததா, நடுவில் வேறு பேட்ச் மாணவர் யாராவது திறந்து முகர்ந்தாரா என்று சொல்ல முடியாது. பியூரெட் 26.2 காட்டினால், 27-க்குக் குறைந்த 0.8 மில்லி திரும்பிப்போன எஸ்டரா, ஆவியாகிப்போன எஸ்டரா என்று அந்த ஒரு ரீடிங்கை வைத்துப் பிரிக்கவும் முடியாது. அதற்குள் அந்த மாணவருக்கு அடுத்த சோதனை வந்திருக்கும், பெரும்பாலும் கடத்துத்திறன். அட்டவணையில் 80-க்குக் கீழே ஒரு வாரமாக வெறுமையாக இருந்த கட்டத்தில் 26.2 என்று எழுதி, தேதியை மட்டும் பழைய தேதியாகவே போட்டு, கையெழுத்துக்கு நீட்டுவார்.